சக்கரத்தின்மேல் இரண்டு ஆண்டுகள்

உலகைச் சுற்றியவர் யார் என்று வகுப்பிலே கேட்டால், பிள்ளைகள் தயங்காது மகெல்லன் என்பர். மகெல்லன் பாதி வழியில் பிலிப்பைன் தீவொன்றிலே மாண்டுபோனான் என்பதையும், சுற்றி முடித்தவர்கள் எஞ்சிய மாலுமிகளே என்பதையும் ஆசிரியர் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது. கடலோடிகளின் கதைகள் நமக்குப் பழகியவை. சொந்த மோட்டார் வண்டியைக் கப்பலில் ஏற்றியும் இறக்கியும், தரை கிடைத்த இடமெல்லாம் தாமே ஓட்டியும் பூமியைச் சுற்றிவந்த ஜேர்மானியப் பெண்மணி ஒருவரின் வரலாறு நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனை இங்கு எழுத விரும்புகிறேன்.

கிளாரெனோர் ஸ்ரின்னஸ் 1901ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் ரூர் நதிக்கரையிலுள்ள முல்கைம் நகரிற் பிறந்தார். தந்தையார் ஹியூகோ ஸ்ரின்னஸ், நிலக்கரிச் சுரங்கமும் கப்பலும் ஆலையுமாக அக்காலத்து ஜேர்மனியின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராய் விளங்கியவர். முதல் உலகப் போரின் பின் நாணயம் பெறுமதி இழந்து குடிமக்கள் பட்டினி கிடந்தபோதும் அவருடைய செல்வம் பெருகியே வந்தது. அதனால் அவர் பெற்ற வசைமொழிகளும் பல. எழுவர் பிள்ளைகளுள் கிளாரெனோர் தந்தையின் தொழிலிலே ஈடுபாடு காட்டியவர்; தந்தையும் மகளின் திறமையை அறிந்திருந்தார். ஆனால் 1924 ஏப்ரலில் அவர் காலமானதும் நிலைமை மாறிற்று. ஆட்சி ஆண்மக்கள் கைக்குச் சென்றது. மகளுக்கு அங்கே இடமில்லை. அடுத்த ஆண்டே அப்பெரிய வணிகக் கோட்டை கடன்பட்டுச் சரிந்தது என்பது வேறு கதை. பெண்ணுக்கு மறுக்கப்பட்ட ஆசனத்தில் அமர்ந்தவர்கள் அதனைக் காப்பாற்றவில்லை என்பதை மட்டும் இவ்விடத்திற் குறித்துவைக்கிறேன்.

தொழிலகத்தின் கதவு அடைபட்டபோது கிளாரெனோர் பந்தயக் களத்தை நாடினார். முதற் பந்தயத்தில் குடும்பப் பெயரை மறைத்து, வேறொரு பெயரில் வண்டியோட்டினார் என்பர். 1925இல் இரஷ்யாவில் நடந்த நெடுந்தூரப் போட்டியிற் கலந்துகொண்ட ஒரே பெண் அவரே. வெற்றியும் அவருக்கே கிடைத்தது. 1927க்குள் பதினேழு வெற்றிகள். காற்சட்டையும் வாயிற் சிகரெட்டுமாக நிற்கும் அவருடைய படங்களைப் பார்க்கும்போது, அக்காலத்து ஐரோப்பாவும் முகஞ்சுளித்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பின்னரே உலகப் பயண எண்ணம் பிறந்தது. வீட்டார் ஒரு சதமும் தர மறுத்தனர். கிளாரெனோர் மோட்டார்த் தொழிலதிபர்களிடம் நேரே சென்று ஓரிலட்சம் மார்க் திரட்டினார். அட்லர் தொழிற்சாலை வண்டி கொடுத்தது. பெற்றோல், மின்கருவி, ரயர் விற்போர் பணம் கொடுத்தனர். இது விளம்பரமே, வீரமன்று என்று குறைகூறுவோர் உளர். விளம்பரந்தான், மறுக்கவில்லை. ஆயினும் தொழிற்சாலை கொடுத்த வண்டி, பந்தயத்திற்கென்று தனியே அமைக்கப்பட்டதன்று. கடையில் எவரும் வாங்கக்கூடிய ஆறு சிலிண்டர் ‘ஸ்டாண்டர்ட்’ வகை. இருக்கைகளைச் சாய்த்துப் படுக்கையாக்கும் வசதி ஒன்றே அதிற் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

1927 மே 25ஆம் நாள் பிராங்க்பேர்ட்டிலிருந்து புறப்பட்டனர். உடன் சென்றவை ஒரு சாமான் லொறியும், இரு பொறிவல்லாரும், படப்பிடிப்பாளர் ஒருவரும். படப்பிடிப்பாளர் சுவீடன் நாட்டவரான கார்ல்-அக்செல் சோடர்ஸ்ரோம், மணமானவர். புறப்படுவதற்கு இரண்டு நாளின் முன்னரே அவரும் கிளாரெனோரும் முதன்முதல் சந்தித்தனர். உணவுப் பொருள்களுள் அவித்த முட்டை 128 இருந்தனவாம். உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள் முட்டையை இப்படி எண்ணி எடுத்துவைத்ததை நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுப் பொறுப்பறிந்த பெண் என்பதை அந்த எண்ணே காட்டுகிறது.

பால்கன் நாடுகள், கொன்ஸ்தாந்திநோபிள், பெய்ரூத், டமஸ்கஸ், பக்தாத், தெஹ்ரான், கோக்கசு மலை, மொஸ்கோ எனப் பாதை சென்றது. நகரங்களின் பெயர் சொல்வது எளிது. மணலிலும் சேற்றிலும் அச்சாணி முறிவதும், உதிரிப்பாகத்திற்காகக் காத்துக்கிடப்பதும் பெயர்களுக்கிடையே மறைந்துபோகின்றன. பொறிவல்லார் இருவரும் இடையிலேயே விலகிக்கொண்டனர். எஞ்சியோர் கிளாரெனோரும் சோடர்ஸ்ரோமுமே. வண்டியோட்டவன்று, படம் பிடிக்கவே அமர்த்தப்பட்டவர் அவர். அன்று முதல் அவரே பொறிவல்லாராகவும் சுமையாளாகவும் ஆனார்.

சைபீரியாவின் பனிக்காலம் அவர்களை எதிர்கொண்டது. பைகால் ஏரி உலகில் யாவற்றினும் ஆழமானது. ஆயிரத்து அறுநூறு மீற்றருக்கும் மேல். அதனைக் கடக்க வழி ஒன்றே: நீர் உறையும்வரை காத்திருத்தல். இர்க்குட்ஸ்க் நகரில் வாரக்கணக்காய்க் காத்திருந்து, 1928இன் தொடக்கத்தில் வண்டியைப் பனிக்கட்டியின்மேல் ஓட்டினர். கீழே உறைந்த நீர் வெடித்துப் பிளக்கும் ஒலி. மேலே பூச்சியத்திற்குக் கீழ் ஐம்பது பாகையை எட்டும் குளிர். பிளவொன்று சக்கரத்தின் கீழ் வாய்திறந்தால் வண்டியும் ஆளும் திரும்பிவரப் போவதில்லை. அப்பால் கோபிப் பாலைவனத்தைத் தாண்டிப் பீக்கிங்கை அடைந்தனர்.

இவ்விடத்திலே கப்பலைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். மோட்டாரில் உலகைச் சுற்றினார் என்று நாம் சொல்லிவிடுகிறோம்; பூமியின் பெரும்பகுதியோ நீர். இன்றுபோல் வண்டிகள் தாமே ஏறி இறங்கும் அகன்ற வாயுடைய கப்பல்கள் அந்நாளில் இல்லை. பாரந்தூக்கியின் கயிறு வண்டியை அந்தரத்தில் உயர்த்தும்; கயிறு நழுவினால் பயணம் துறைமுகத்து நீரிலேயே முடிந்துவிடும். தீப்பிடிக்காதிருக்கப் பெற்றோலை வடித்துவிடல் வேண்டும். இறங்கும் நாட்டிலே வண்டியை விற்றுவிடாது மீண்டும் வெளியே கொண்டுபோவதாகச் சுங்கத்தாருக்குப் பிணை கொடுத்தல் வேண்டும். கிளாரெனோருக்கு முன் அமெரிக்கரான சார்ள்ஸ் கிளிடன் தம் நேப்பியர் வண்டியைக் கப்பலேற்றிப் பல நாடுகளில் ஓட்டியிருக்கிறார். இத்தாலியப் பிரபு போர்கேசே 1907இல் பீக்கிங்குக்கு வண்டியை அனுப்பி அங்கிருந்து பாரிசுக்கு ஓட்டிவந்தார். ஆகையால் யார் முதல்வர் என்னும் வழக்கில் எனக்கு நாட்டமில்லை. நான் வியப்பது வேறொன்றை. யப்பானும் ஹவாயும் கண்டு பசிபிக் கடலைக் கடந்தபின், வட அமெரிக்காவின் நல்ல பாதைகளில் ஓடி எளிதாய் வீடு திரும்பியிருக்கலாம். கிளாரெனோரோ வண்டியைத் தெற்கே பெரு நாட்டில் இறக்கினார்.

அந்தீஸ் மலையிலே பாதை என்று சொல்லத்தக்கது இல்லை. பாறையை வெடிமருந்து வைத்துப் பிளந்தனர். நாளெல்லாம் உழைத்தும் சிலவேளை சில நூறு அடியே முன்சென்றனர். குடிநீர் தீர்ந்து நாவறண்ட நாளும் உண்டு. மலைவாழ் மக்கள் கயிறு பிடித்து வண்டியை ஏற்றத்தில் இழுத்தனர். அக்காட்சியின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் வண்டியிலே நிற்பதில்லை. கயிறு பிடித்த கைகளிலேயே நிற்கிறது. அவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. வண்டி பொலிவியாவைக் கடந்து புவனோஸ் அயர்ஸ் சேர்ந்தது. அங்கே கப்பலேறாது, மீண்டும் அந்தீஸைத் தாண்டிச் சிலி நாட்டின் வல்பறைசோவுக்குத் திரும்பினர். இதனைப் பிடிவாதம் என்பதா, வேறென்ன என்பதா, எனக்குச் சொல் அகப்படவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்தது வரவேற்பும் விருந்தும். வாஷிங்டனில் சனாதிபதி ஹூவர் அவர்களைச் சந்தித்தார். அங்கிருந்து அத்திலாந்திக்கைக் கப்பலிற் கடந்து பிரான்சில் இறங்கி, 1929 யூன் 24ஆம் நாள் பேர்லினை அடைந்தனர். இரண்டு ஆண்டும் ஒரு மாதமும். நாற்பத்தாறாயிரம் கிலோமீற்றருக்கும் அதிகம்.

அவ்வாண்டே கிளாரெனோர் தம் பயணநூலை வெளியிட்டார். சோடர்ஸ்ரோம் எடுத்த படம் 1931இல் திரைக்கு வந்தது. நூலின் முகப்பில் ஒளிர்வது கிளாரெனோரின் பெயர். நோயிலும் குளிரிலும் கருவியைத் தோளிற் சுமந்த அந்த மனிதர் இல்லையேல் நாம் காண்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது. படங்களிலே அவர் மிக அருமையாகவே தென்படுகிறார். கருவிக்குப் பின்னால் நின்றவரல்லவா? பயணம் முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையிலேயே விளித்தனர் என்று சொல்லப்படுகிறது. அவருடைய முதல் மணம் முறிந்தது. அதனால் ஒரு பெண்மணி அடைந்த துயரையும் இவ்வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடலாகாது. 1930 டிசம்பரில் கிளாரெனோரும் சோடர்ஸ்ரோமும் மணஞ்செய்துகொண்டனர்.

அதன்பின் பந்தயமில்லை, பத்திரிகைச் செய்தியுமில்லை. சுவீடன் நாட்டிலே ஒரு பண்ணையை நடத்தி, தம் பிள்ளைகள் மூவரோடு பிறர் பிள்ளைகளையும் வளர்த்தனர். சோடர்ஸ்ரோம் 1976இற் காலமானார். கிளாரெனோர் 1990 செப்ரெம்பர் 7ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் அந்நாட்டிலேயே மறைந்தார்.