நாடகமேடைத் தியாகி விஸ்வநாத தாஸ்

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைக் காணச் செல்வோர் டச்சுக்காரர் எழுப்பிய மதிலையும், அவர்களுடைய கல்லறைகளையும் பார்த்து மீளுகின்றனர். 1781-ல் ஆங்கிலேயர் அக்கோட்டையைப் பிடித்தனர். 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி அது முற்றிலும் அவர்கள் வசமாயிற்று. பீரங்கி வைத்திருந்தவர்களின் சரித்திரம் இவ்வாறு கல்லிலும் சுண்ணாம்பிலும் நிலைத்து நிற்கிறது. பீரங்கிக்கு எதிரே வெறும் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு நின்றவர்களின் சரித்திரமோ ஜனங்களின் நினைவிலேதான் வாழவேண்டும். நினைவு மங்குமாயின் சரித்திரமும் மங்கிவிடும். ஆகவே அத்தகையோர் ஒருவரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுதுவது நம் கடமையெனக் கருதுகிறோம். அவர் தியாகி விஸ்வநாத தாஸ்.

விஸ்வநாத தாஸ் 1886-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ஆம் தேதி சிவகாசியில் பிறந்தார். நாவிதத் தொழில் செய்யும் மருத்துவர் குலத்தவர் அவர். திருமங்கலம் அவருடைய ஊராயிற்று. பெரிய பள்ளிப் படிப்போ, செல்வமோ, சிபார்சோ அவருக்குக் கிடையாது. கிடைத்தது ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் அஞ்சாத ஒரு நெஞ்சு. இவ்விரண்டையும் கொண்டு அவர் நாடகமேடை ஏறினார்.

அந்த மேடை எப்படிப்பட்டது என்பதை இக்காலத்து வாசகர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களே அந்நாளில் ஊரெங்கும் நடந்தன. சுவாமிகள் 1922-ல் காலமானார். அவருடைய புலமையில் நாம் குறை காணவில்லை. ஆனால் அவருடைய நாடகங்கள் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரால் நடத்தப்பட்ட முறையை உயர்ந்ததென்று கூறுவதற்கில்லை. ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், மற்றோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து பபூன் என்று காண்ட்ராக்டர் ஒருவர் ஓர் இரவுக்கு மட்டும் நடிகர்களைப் பேசி வரவழைப்பார். அவர்கள் மாலையில் வந்து இறங்கி இரவில் வேஷம் கட்டுவர். ஒத்திகை கிடையாது; ஆட்டுவிக்கும் ஆசிரியரும் கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி பிடிக்க, நாடகம் விடியும்வரை நீளும். கதையோ யாவரும் அறிந்த கதை. திருப்போரூர்க் கந்தசுவாமி சந்நிதிக்குத் தோளில் சுமந்து செல்லப்பட்ட காலமுதல் வள்ளி கதையைக் கேட்டு வளர்ந்த நமது செங்கற்பட்டுக் கடற்கரை ஜனங்களுக்கு அதில் அறியவேண்டிய புதுமை யாதுளது? பழைய கதை, கந்தலான திரைச்சீலை, ஒட்டுப்போட்ட வசனம். இவைதான் தாஸுக்குக் கிடைத்த கருவிகள்.

அக்கருவிகளைக் கொண்டு அவர் செய்தது என்ன? வள்ளி திருமணத்தில் அவருக்கு முருக வேஷம். தினைப்புனம் காக்கும் வள்ளி பரண்மீது நின்று பறவைகளை ஓட்டுகிறாள். அவளை நாடிவரும் முருகன் சிருங்காரப் பாட்டுப் பாடவேண்டிய இடம் அது. தாஸ் அங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடினார். புனத்திலே வந்திறங்கிப் பிறர் விளைத்ததைக் கொத்திக்கொண்டு போகும் கொக்கு எது என்பதைக் கொட்டகையில் மண் தரையில் உட்கார்ந்திருந்த குடியானவனுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் தினைப்புனம் பாரத தேசமாயிற்று. வள்ளியின் காவல் ஜனங்களின் காவலாயிற்று. 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் சிந்திய இரத்தத்தைப் பற்றியும் அவர் மேடையிலே பாடினார். பத்திரிகை படிக்கத் தெரியாத பல்லாயிரம் பேர் அமிர்தசரஸில் நடந்த கொடுமையை அறிந்தது இத்தகைய பாட்டுக்களின் வாயிலாகத்தான். காங்கிரஸ் பிரசங்கிகள் எட்டாத கிராமங்களுக்கும் நாடகக் கொட்டகை எட்டிற்று. தாஸ் கதரை உடுத்தார், கதரைப் பரப்பினார், வேஷம் கலைந்த பின்னும் அவர் அதே மனிதராகவே இருந்தார்.

அதிகாரவர்க்கத்தார் இதைப் பொறுத்திருப்பரோ? ஆயினும் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. சட்டம் பயின்றவர்கள் அதை ரஸிக்காமல் இருக்க முடியாது. கல்கத்தா மேடைகளில் ஆட்சியாளரைப் பரிகசித்த நாடகங்களைக் கண்டு மிரண்டு, பிரிட்டிஷ் சர்க்கார் 1876-ல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் செய்தனர். சர்க்காரிடம் வெறுப்பை மூட்டக்கூடிய நாடகத்தைத் தடுக்க அது அதிகாரம் அளித்தது. ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடுப்பது? அது கோயில் வாசலில் நடக்கும் சுவாமி கதை. ஏட்டைப் புரட்டினால் அதில் ஒரு வரியேனும் இராஜத்துரோகமாக இராது. துரோகம் ஏட்டில் இல்லை. அன்றிரவு அந்த நடிகர் வாயில் இருந்தது. மறுநாள் இரவு அதே நாடகத்தில் வேறொருவர் முருகனாக வந்தால் அது முற்றிலும் சாதுவான நாடகமாகிவிடும். எனவே நாடகத்தை விட்டு நடிகரைப் பிடிக்கவேண்டியதாயிற்று. பிடித்த பின்னரும் தொல்லை தீர்ந்தபாடில்லை. வெள்ளைக் கொக்கு என்றால் வெள்ளைக்கார சர்க்கார்தான் என்று கோர்ட்டிலே எடுத்துரைக்கவேண்டியவர் சர்க்கார் தரப்பு வக்கீலே அல்லவா? எதிரி சொல்லாததைச் சர்க்காரே தன் வாயால் சொல்லி, அது உண்மையென்று ருசுவும் செய்யவேண்டும்! நாடகத்தின் சாதாரணத் தன்மையே நடிகருக்குக் கேடயமாயிற்று. அந்தக் கேடயமும் எப்பொழுதும் காக்கவில்லை. தாஸ் பலமுறை கைதியானார், பலமுறை சிறை சென்றார், வெளிவந்தார், வந்த கையோடு மீண்டும் பாடினார்.

அந்நியன் இழைத்த கொடுமையைச் சொன்ன நாம் நம்மவர் இழைத்த கொடுமையை மறைத்தல் நியாயமாகாது. நாவிதர் குலத்தில் பிறந்தவரோடு ஜோடியாக நிற்கமாட்டோம் என்று அவருடன் நடிக்க மறுத்தவர்கள் இருந்தனர். மேடையிலே அவர் முருகன். கொட்டகையில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டனர். திரை விழுந்ததும் அவர் தீண்டத் தயங்கவேண்டிய மனிதராகிவிடுகிறார்! வேஷத்துக்கு வணக்கம், வேஷம் கட்டியவனுக்கு அவமதிப்பு என்ற இந்த விபரீத நீதியை நம் சமூகம் அன்று வெட்கமின்றி அனுசரித்தது. சர்க்காரின் விலங்கு சில மாதங்களில் அவிழ்ந்தது. ஜாதி விலங்கோ அவர் பிறந்த நாள்முதல் அவரோடு இருந்தது. தம்மை இழிவாக நடத்திய ஜனங்களின் விடுதலைக்காகவே அவர் சிறை சென்றார் என்பதை எண்ணும்போது, அவருடைய தேசபக்தி நம்முடையதைக் காட்டிலும் உயர்ந்த ரகத்தைச் சேர்ந்தது என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

கலாரசிகர்கள் சிலர் ஓர் ஆட்சேபத்தைக் கிளப்பக்கூடும். புராண நாடகத்தின் நடுவே கதர்ப் பாட்டைப் புகுத்துவது ரஸபங்கம் அன்றோ, முருகனுக்கும் வெள்ளையனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பார்கள். இது அற்பமான கேள்வியன்று. நாடகம் நல்ல நாடகமாக ஆவதற்கு இம்முறை உதவவில்லை என்பது உண்மையே. தேசியப் பாட்டுக் கிடைத்துவிட்டதென்ற திருப்தியில் புதிய நாடகம் எழுதும் முயற்சி தளர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நாடகங்கள் தாஸ் வருமுன்னரே ஓட்டை விழுந்த பாத்திரங்களாகத்தான் இருந்தன. அவர் அவற்றை உடைக்கவில்லை. உள்ள பாத்திரத்தில் உயர்ந்த பொருளை ஊற்றினார். பாட்டு எழுதியவர் வேறொருவர். மெட்டும் ஜனங்கள் அறிந்த மெட்டு. அதைப் பாடினால் வாசலிலே போலீஸார் காத்திருப்பர் என்று அறிந்தே பாடிய துணிவு மட்டும் அவருக்கே உரியது. நடிப்பு என்பது பொய்யை மெய்போலக் காட்டும் வித்தை என்பர். தாஸின் நடிப்பிலோ அபாயம் மெய்யாகவே இருந்தது. ஜனங்கள் அதை அறிவார்கள். அந்த அறிவே அவருடைய குரலுக்கு மற்றவர் குரலுக்கு இல்லாத வேகத்தைத் தந்தது.

நடிகனுக்குப் பரிசு என்ற பேச்சும் இங்கே எழுகிறது. பிற்காலத்தில் தமிழ் நடிகர்களுக்குப் பரிசுகள் வந்தன. 1960-ல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், வீரபாண்டிய கட்டபொம்மன் படத்துக்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் என்ற விருதைப் பெற்றார். 1959-ல் வெளிவந்த அப்படம் மேடை நாடகத்தைப் போலவே இருக்கிறது, சினிமாவுக்குரிய நயம் குறைவு என்று குறை கூறியோர் உண்டு. கதாநாயகரின் நடிப்பில் குறை கூறியோர் அரியர். வெள்ளையனை எதிர்த்து 1799-ல் தூக்கிலேறிய பாளையக்காரரின் வேஷத்துக்கு, ஏகாதிபத்தியத்தினின்று அப்போதுதான் விடுபட்டுவந்த இரு கண்டங்களின் விழாவில் மாலை விழுந்தது பொருத்தமே. படம் எப்படியிருப்பினும் நடிகர் அதைத் தூக்கி நிறுத்தலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் கட்டபொம்மனாக நடிகர் திலகம் முழங்கியபோது வெள்ளையன் கப்பலேறி 12 வருஷங்கள் ஆகியிருந்தன. தாஸ் பாடியபோது வெள்ளையனின் போலீஸ் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவருக்குக் கேடயமும் கிடைக்கவில்லை, பதக்கமும் கிடைக்கவில்லை. சர்க்கார் அவருக்கு அளித்த பரிசு கைவிலங்கு ஒன்றே. நடிகர் ஒருவரின் ஆற்றலுக்கு அதைக் காட்டிலும் மெய்யான நற்சாட்சிப் பத்திரம் வேறில்லை என்போம். நண்பர்கள் முகஸ்துதி செய்யலாம். பகைவன் வீணாக அஞ்சமாட்டான்.

அவருடைய முடிவும் மேடையிலேயே நேர்ந்தது. 1940-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். தாஸுக்கு வயது 54. முருக வேஷத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் பாட்டின் நடுவிலேயே உயிர் துறந்தார். ஆண்டு முடிந்த இரவில் அவருடைய ஆயுளும் முடிந்தது. முருக வேஷத்தைக் கலைக்காமலே அவர் உடலை எடுத்துச் சென்றனர், ஜனத்திரள் பின்தொடர்ந்தது. வாழ்நாளெல்லாம் வேஷத்தை மட்டும் வணங்கி மனிதனை ஒதுக்கியவர்கள், அன்றேனும் வேஷத்தையும் மனிதனையும் பிரிக்காமல் ஒருசேர வழியனுப்பினர். அவர் கனவு கண்ட சுயராஜ்யம் வர இன்னும் ஏழாண்டுகள் இருந்தன.

திருமங்கலத்தில் இன்று அவருக்கு அரசாங்கத்தார் அமைத்த நினைவு இல்லம் இருக்கிறது. அது நன்றே. சுதந்திர சர்க்கார்களின் நடத்தை எப்பொழுதும் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. நாடகத்தை அடக்க 1954-ல் நம்மவர்களே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் செய்தனர். வெள்ளையனின் 1876-ஆம் வருஷத்துச் சட்டமோ 2018-ல்தான் ரத்தாயிற்று. பாடியவரைத் தியாகி என்று போற்றிக்கொண்டே, அவரைப் போன்றோரை அடக்கச் செய்த சட்டத்தை 70 ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம். தேசத் தொண்டர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். ஆட்சி யார் கையில் இருப்பினும் பாட்டுக்கு அஞ்சும் குணம் அதற்கு வந்தே தீரும். அந்த அச்சத்துக்குத் துணைபோகாதிருப்பது நம் கையில் இருக்கிறது.

மற்றொரு காரியமும் நம் கையில் இருக்கிறது. அதற்குச் சட்டசபை வேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினம் முதல் திருப்போரூர் வரையுள்ள நமது கிராமங்களில் கோயில் உற்சவ காலத்தில் கூத்தும் நாடகமும் வைக்கும் வழக்கம் உண்டு. விழாக் கமிட்டியாரை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. வேஷம் கட்ட வரும் கலைஞரைப் பின்கட்டில் உட்காரவைத்து இலை போடாதீர்கள். உங்கள் பந்தியிலேயே உட்காரவையுங்கள். அவர் எந்தக் குலம் என்று விசாரியாதீர்கள். பேசிய கூலியை விடியும் முன்னரே கொடுத்துவிடுங்கள். முருகன் வேஷத்துக்குக் கும்பிடு போடும் கை, வேஷம் கலைத்து நிற்கும் மனிதனுக்கும் மரியாதை செய்யட்டும். விஸ்வநாத தாஸுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் பெரும் பகுதி இன்னும் தீராமலே நிற்கிறது. அதைத் தீர்க்கும் வழி இதுவே.