ஏரி நீரும் கெளுத்தி மீனும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூரான ஸ்பிரிங்டேலில் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பிறந்தவர் ரேச்சல் கார்சன். எழுத்தாளராகும் விருப்பத்துடன் கல்லூரிக்குச் சென்றவரை உயிரியல் ஈர்த்துக்கொண்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். கெளுத்தி மீன் கருவின் சிறுநீரக வளர்ச்சியே அவர்தம் ஆய்வுப் பொருள். 1935இல் தந்தை மறையவே, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அரசின் மீன்வளத் துறையில் வானொலி உரைகள் எழுதத் தொடங்கி, அங்கேயே அறிவியலாளராக உயர்ந்தார். 1951இல் கடலைப் பற்றி எழுதிய நூல் பெரும்புகழ் ஈட்டித்தர, மறு ஆண்டே பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார்.

1962இல் வெளிவந்த 'மௌன வசந்தம்' என்னும் நூலே அவரை உலகறியச் செய்தது. அந்நூல் விரித்துரைக்கும் நிகழ்வுகளுள் ஒன்று கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் நடந்தது. அங்குத் தூண்டில் போட வருவோருக்குத் தொல்லையாயிருந்த, கடிக்காத ஒருவகைச் சிறு பூச்சியை ஒழிக்க, டி.டி.டி.க்கு நெருங்கிய உறவான பூச்சிக்கொல்லி 1949இல் ஏரியில் கலக்கப்பட்டது. ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து, யார்தான் அஞ்சுவர்? 1954இலும் 1957இலும் மீண்டும் கலந்தனர். ஏரியில் வாழ்ந்த முக்குளிப்பான் பறவைகள் மடியத் தொடங்கின. ஆயிரம் இணைகளாக இருந்தவை ஏறத்தாழ முப்பதாகக் குறைந்தன.

நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பறவையின் கொழுப்பை ஆய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்நஞ்சு எளிதில் சிதையாதது. நீரில் கரையாமல் கொழுப்பில் கரைவது. ஆதலால், உண்ட உயிரின் உடலைவிட்டு வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போனது. பத்து இலட்சம் பங்கு நீரில் 0.02 பங்காக இருந்த நஞ்சு, மிதவை நுண்ணுயிர்களில் 5 பங்காகவும், அவற்றை உண்ட மீன்களில் 40 முதல் 300 பங்காகவும் பெருகியது. ஊனுண்ணும் கெளுத்தி மீன் ஒன்றிலோ 2500 பங்கு! நீரில் இருந்ததைப்போல் இலட்சம் மடங்கிற்கும் மேல். சில நாள்களில் ஏரிநீரில் நஞ்சின் சுவடே இல்லை. அது உயிர்களின் உடலுக்குள் குடிபுகுந்திருந்தது.

இவ்வளவுகளைக் கண்டறிந்தவர்கள் வேறு ஆய்வாளர்கள். சிதறிக் கிடந்த அறிக்கைகளைத் திரட்டி, எளிய மக்களுக்கும் விளங்கும் மொழியில் எழுதியது கார்சனின் பணி. அதுவும் சிறிய பணியன்று. எழுதிய காலத்தில் மார்பகப் புற்றுநோய் அவரை வாட்டியது. பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் கடுமையாகத் தாக்கின. பூச்சிக்கொல்லியே கூடாதென அவர் கூறவில்லை. விளைவறியாது தெளிப்பதையே எதிர்த்தார். நோயை மறைத்துக்கொண்டு, 1963 ஜூன் மாதம் செனட் குழுவின்முன் தோன்றிச் சான்றளித்தார்.

1964 ஏப்ரல் 14ஆம் நாள், தம் 56ஆம் அகவையில் கார்சன் மறைந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1972இல், அமெரிக்க அரசு வேளாண்மையில் டி.டி.டி.யைப் பயன்படுத்தத் தடை விதித்தது.