மந்திரி ஆகாத மாமனிதர் – ழான் ஜோரெஸ்

முதல் உலகப்போர் என்றதும் 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஒரு மாசம் கழிச்சு பாரீசில் இன்னொருவரும் சுடப்பட்டார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஜோரெஸ் 1859-ல் தெற்கு பிரான்சில் காஸ்த்ர் என்ற ஊரில் பிறந்தார். படிப்பில் பயங்கரக் கெட்டி. உதவித்தொகையில் பாரீஸ் போய்ப் படித்து, ஆல்பி நகரப் பள்ளியில் தத்துவ ஆசிரியரானார். (நம் ஆசிரியர்கள் சந்தோஷப்படலாம்!) 26 வயதில் பாராளுமன்ற உறுப்பினர். அடுத்த தேர்தலில் தோல்வி. மறுபடி பாடம் நடத்தப் போய்விட்டார்.

அவரை மாற்றியது கார்மோ என்ற சுரங்க ஊர். 1892-ல் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியை மக்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் வேலைக்காக லீவு எடுத்தார் என்று கம்பெனி அவரை வேலையை விட்டே நீக்கிவிட்டது. ஓட்டுப் போட்டவர்களுக்கு என்ன மரியாதை, சொல்லுங்க? தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜோரெஸ் அவர்களுக்காக எழுதினார், பேசினார். 1893-ல் அவர்களே அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டிரைஃபஸ் விஷயம். டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை உளவாளி என்று 1894-ல் தண்டித்தபோது, தண்டனை போதாது என்றுதான் ஜோரெசும் நினைத்தார். பிறகு ஆதாரங்களைப் படித்துப் பார்த்து, அவர் நிரபராதி என்று புரிந்துகொண்டார். பணக்கார அதிகாரிக்காக நாம ஏன் பேசணும் என்று சொந்தக் கட்சிக்காரர்களே கேட்டார்கள். கேட்கவில்லை, தொடர்ந்து எழுதினார். 1898 தேர்தலில் பதவி போச்சு. 1902-ல்தான் திரும்ப ஜெயித்தார். 1904-ல் 'லூமானித்தே' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 'மனிதகுலம்' என்று அர்த்தம். ஒருநாள்கூட அவர் மந்திரியாக இருந்ததில்லை.

1913-ல் கட்டாய ராணுவ சேவையை இரண்டு வருஷத்திலிருந்து மூன்றாக்கியபோது கடுமையாக எதிர்த்தார். ஜெர்மனியின் ஆள் என்று பத்திரிகைகள் திட்டின. 1914 ஜூலையில் போர் நெருங்கியது. பிரஸ்ஸல்ஸ் போய் மற்ற நாட்டுத் தொழிலாளர் தலைவர்களைச் சந்தித்தார். 31-ம் தேதி அமைச்சகத்துக்குப் போய், போரைத் தடுக்கச் சொல்லி மன்றாடினார். அன்று ராத்திரி க்ருவசான் என்ற ஓட்டலில் திறந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். வெளியே தெருவில் நின்ற ரவுல் வில்லன் என்ற இளைஞன் சுட்டான்.

மூன்றே நாளில் ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்தது. பிரான்சில் மட்டும் சுமார் 14 லட்சம் வீரர்கள் செத்தார்கள். 1918-ல் ஜோரெசின் ஒரே மகன் லூயியும் போர்க்களத்தில் இறந்தான்.

வழக்கு முடிஞ்சது 1919-ல். கொன்றவனுக்கு விடுதலை! கோர்ட் செலவை ஜோரெசின் மனைவி கட்டணுமாம். இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம் தாங்கலை.

1924 நவம்பரில் அவர் உடலை, நாட்டின் பெரியவர்களை வைக்கும் பாந்தியோனுக்கு அரசு மரியாதையோடு கொண்டுபோனார்கள். அந்த ஊர்வலத்தில் கார்மோ சுரங்கத் தொழிலாளர்களும் வந்திருந்தார்கள்.