தன்னுள் இறைவனைத் தேடிய வணிகர்: கவிவரர் பனாரசிதாசர்

அருகப் பெருமான் எவருக்கும் வரம் அளிப்பவர் அல்லர். எவரையும் தண்டிப்பவரும் அல்லர். விருப்பு, வெறுப்பு இரண்டையும் வென்று நின்ற அப்பெருமானை நாம் தொழுவது, அவர்தம் குணங்களை நம் உயிரில் விளங்கச் செய்துகொள்வதற்கே ஆகும். ஆதலின் இறைவனுக்கும் உயிருக்கும் இடையே நின்று பரிந்துரைப்பவர் ஒருவருக்கு ஜினதருமத்தில் இடமில்லை. இதனை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், துன்பம் வருங்கால் எவரேனும் ஒருவர் தரும் மந்திரத்தையோ கயிற்றையோ நாடி ஓடுகிறோம். இவ்வாறு ஓடி ஏமாந்தும், பின்னர் எல்லாவற்றையும் உதறித் தடுமாறியும், முடிவில் தெளிவு பெற்ற சிராவகர் ஒருவர் வட நாட்டில் வாழ்ந்தார். அவரே கவிவரர் பனாரசிதாசர்.

பிறப்பும் பெயரும்

கோமதி ஆற்றங்கரையிலுள்ள ஜௌன்பூர் நகரில், அக்பர் ஆட்சிக் காலத்தில், 1586ஆம் ஆண்டு பனாரசிதாசர் பிறந்தார். தந்தையார் கரக்சேன், ஸ்ரீமால் குலத்து வணிகர். குடும்பத்தினர் சுவேதாம்பர நெறியினர். மகப்பேறு வேண்டி அவர்கள் ரோத்தக் நகரிலுள்ள சதி தேவியின் தலத்திற்கு யாத்திரை சென்றபோது, வழியில் கள்வர் கையில் பொருளனைத்தையும் இழந்தனர். காவல் வேண்டிச் சென்ற இடத்திலேயே பொருள் பறிபோனது. ஆயினும் நம்பிக்கை குறையவில்லை.

பிறந்த மகனுக்கு முதலில் இட்ட பெயர் விக்ரமாஜித். சில மாதக் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் அவனைக் காசிக்கு எடுத்துச் சென்று, பார்சுவநாதர் திருமுன் கிடத்தி வணங்கினர். அங்கிருந்த பூசகர் மூச்சை அடக்கித் தியானத்தில் ஆழ்ந்தவர்போல் அமர்ந்தார். பின்னர், பார்சுவநாதரின் இயக்கன் தம் முன் தோன்றியதாகவும், பெருமான் அவதரித்த நகரின் பெயரையே குழந்தைக்கு இட்டால் அவன் நீடு வாழ்வான் எனக் கூறியதாகவும் சொன்னார். குடும்பத்தார் அதனை மெய்யென நம்பினர். விக்ரமாஜித் பனாரசிதாசன் ஆனான். அது பூசகரின் நடிப்பே என்பதைப் பிற்காலத்தில் பனாரசிதாசரே தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதி வைத்தார்.

மந்திரமும் சங்கும்

இளமையில் பானுசந்திரர் என்னும் முனிவரிடம் அவர் இலக்கணமும் சமய நூல்களும் பயின்றார். ஆயினும் மனம் இன்பங்களிலேயே உழன்றது. ஒன்பது சுவை அமைந்ததாயினும் காமச் சுவையே மிகுந்த ஆயிரம் செய்யுள் கொண்ட காவியம் ஒன்றையும் இயற்றினார்.

அந்நாளில் ஜௌன்பூருக்கு வந்த சந்நியாசி ஒருவர், தம்மிடம் ஒரு மந்திரம் உண்டு என்றார். அதனைக் கழிவறையில் அமர்ந்து, எவருக்கும் வெளியிடாமல் ஓராண்டு உருவேற்றினால், அதன்பின் நாள்தோறும் வாயிலில் ஒரு பொற்காசு கிடக்கும் என்பது அவர் சொன்ன வாக்கு. இளைஞர் பொருள் கொடுத்து மந்திரம் பெற்று, ஓராண்டு தவறாமல் அவ்வாறே செய்தார். ஆண்டு முடிந்த நாளில் நீராடி ஆவலுடன் வாயிலைத் தேடினார். பொற்காசு இல்லை. மறுநாளும் இல்லை.

அதன்பின் ஒரு யோகி சிறு சங்கு ஒன்றைத் தந்து, அதுவே சதாசிவ வடிவம் என்றும், அதனைப் பூசித்தால் வேண்டியன கைகூடும் என்றும் கூறினார். அதனையும் வீட்டார் அறியாவண்ணம் நாள்தோறும் பூசித்து வந்தார்.

1605ஆம் ஆண்டு அக்பர் மறைந்த செய்தி ஜௌன்பூரை எட்டியது. நகரம் அஞ்சி நடுங்கியது. கடைகள் மூடப்பட்டன, செல்வர்கள் நகைகளை மண்ணில் புதைத்தனர். மாடிப்படியில் அமர்ந்திருந்த பனாரசிதாசர் செய்தி கேட்டு மயங்கி விழ, தலையில் காயமுற்றுக் குருதி பெருகியது. காயம் ஆறிய பின்னர் ஒருநாள் தனித்திருந்து சிந்தித்தார். நாள் தவறாது தாம் பூசித்த பொருள், தாம் விழுந்தபோது தாங்கவில்லையே என்னும் எண்ணம் எழுந்தது. அன்றோடு சங்குப் பூசையை விட்டார். தம் காமக் காவியத்தையும் நண்பர்கள் பார்த்திருக்கக் கோமதி ஆற்றில் எறிந்தார். ஜினாலயம் செல்லுதல், விரதம், நியமம் ஆகியவற்றை மேற்கொண்டார்.

ஆக்ராவில் வணிகம்

பின்னர் மணியும் துணியும் நெய்யும் எண்ணெயும் கொண்டு ஆக்ரா சென்று வணிகம் தொடங்கினார். முதலும் போயிற்று. கச்சோரி விற்கும் ஒருவரிடம் பல மாதங்கள் கடனாகவே உண்டு காலம் கழித்தார். இரவில் பத்து இருபது பேர் கூட, அவர்களுக்குக் காதற்கதைகளைப் படித்துக் காட்டுவார். கச்சோரிக்காரரும் அக்கூட்டத்தில் இருந்து கேட்பார்.

சமயசாரமும் தடுமாற்றமும்

1623ஆம் ஆண்டில் அரத்மல் என்னும் அன்பர் அவர் கையில் ஒரு நூலைத் தந்தார். அது குந்தகுந்தாச்சாரியரின் சமயசாரத்திற்கு ராஜமல்லர் எழுதிய இந்தி உரை. நம் பொன்னூர் மலையில் திருவடி பதித்து நாம் வணங்கும் குந்தகுந்தரின் வாக்கே, ஆக்ராவிலிருந்த ஒரு வணிகரின் உள்ளத்தைக் கலக்கியது.

உயிர் இயல்பில் தூயது. கருமமும் உடலும் அதற்கு அயலானவை. தன்னைத் தான் உணர்வதே சமயத்தின் சாரம் என்பது அந்நூலின் நிச்சய நயக் கூற்று. வழிகாட்டுவார் இன்றித் தனியே படித்த பனாரசிதாசர் அதன் ஒரு பாதியை மட்டும் பற்றிக்கொண்டார். ஆன்மாவே இறைவனாயின் பூசை எதற்கு, விரதம் எதற்கு, முனிவர் எதற்கு என்று எண்ணினார். சாமாயிகம், பிரதிக்கிரமணம் அனைத்தையும் கைவிட்டார். திருமுன் படைத்த நிவேத்தியத்தையும் உண்டார். அவரும் நண்பர் மூவரும் அறைக்குள் ஆடை களைந்து நின்று, தாம் நிர்க்கிரந்த முனிவர் ஆகிவிட்டதாகக் கூறிக் கூத்தாடினர். ஊரார் பழித்தனர். சடங்கு போயிற்று; ஆன்ம அனுபவமோ வரவில்லை. இரண்டுமில்லாத இந்நிலை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்ததாக அவரே குறித்துள்ளார்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடைநின்றவரை விலக்கிவிட்ட அளவில் இறைமை நெருங்கி வந்துவிடுவதில்லை. பிறரை நம்பியதால் வந்த மயக்கம் ஒன்று; தன்னையே அளவின்றி நம்பியதால் வந்த மயக்கம் மற்றொன்று.

தெளிவு

1635ஆம் ஆண்டில் பண்டிதர் ரூப்சந்த் ஆக்ராவுக்கு வந்தார். திஹுனா சாகு எழுப்பிய ஜினாலயத்தில் தங்கி, நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். அத்யாத்ம சிந்தனையுடைய வணிகர் பலரும் சென்று கேட்டனர், பனாரசிதாசரும் சென்றார்.

உயிர் வீடு நோக்கி ஏறும் படிகள் பதினான்கு. அவையே குணத்தானங்கள். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் உரிய ஒழுக்கம் வேறு. இல்லறத்தில் நிற்பவர் முனிவரின் நிலையைத் தமதெனக் கொள்வது அறியாமை; தமக்குரிய வழிபாட்டையும் விரதத்தையும் இகழ்வதும் அறியாமை. நிச்சய நயமும் விவகார நயமும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதைப் பனாரசிதாசர் உணர்ந்தார். பல ஆண்டுக் குழப்பம் அகன்றது.

சந்நியாசி மந்திரத்தை மறைவில் விற்றார். பலனைத் தாமே வாக்களித்தார். ரூப்சந்தோ ஆலயத்தில், அனைவரும் கேட்க, ஆகமத்தைத் திறந்து வைத்தார். எதையும் வாக்களிக்கவில்லை, கேட்பவர் தாமே தம் நிலையை அளந்தறிய அளவுகோல் தந்தார். போலி வழிகாட்டிக்கும் உண்மை ஆசானுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

மறு ஆண்டே, 1636இல், பனாரசிதாசர் சமயசார நாடகம் என்னும் நூலை 727 செய்யுட்களில் மக்கள் மொழியில் இயற்றினார். வடமொழியும் பிராகிருதமும் அறியாத வணிகரும் பெண்டிரும் ஆன்ம தத்துவத்தைத் தாமே படித்து உணர அந்நூல் வழி செய்தது.

துயரமும் நேர்மையும்

ஞான நூல் எழுதியவரைத் துன்பம் விட்டுவிடவில்லை. மூன்று முறை மணந்த அவருக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளும் மறைந்தனர். எஞ்சியிருந்த மகனும் இறந்தபோது அவர் பெருந்துயரில் ஆழ்ந்தார். மோகத்தை வெல்ல இயலாது நெடுநாள் வருந்தியதை, தத்துவம் கற்றவன் என்னும் பெருமைக்காக அவர் மறைக்கவில்லை.

1641இல், தம் 55ஆம் வயதில், அர்த்தகதானகம் என்னும் தன்வரலாற்றை 675 செய்யுட்களில் எழுதினார். மனித ஆயுள் 110 ஆண்டு எனக் கொண்டு, தம் கதை பாதி என்னும் பொருளில் அப்பெயரிட்டார். தம் நற்குணங்களோடு குற்றங்களையும் நூலின் இறுதியில் வரிசைப்படுத்தியுள்ளார். பிரதிக்கிரமணம் என்பது தன் குறையைத் தானே கண்டு மீள்வது அன்றோ? ஒரு காலத்தில் அதனைக் கைவிட்டவர், தம் வாழ்வு முழுவதையுமே ஒரு பிரதிக்கிரமணமாக எழுதிவைத்தார் எனலாம். அந்நூல் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அவர் மறைந்தார். அவருடைய சிறு நூல்களை ஜகஜீவன் என்பார் 1644இல் பனாரசி விலாசம் எனத் தொகுத்தார். ஆக்ரா அன்பர்கள் வளர்த்த அத்யாத்ம நெறி, பின்னர் ஜெய்ப்பூர்ப் பண்டிதர் தோடர்மல்லர் போன்றோரின் நூல்களில் தழைத்தது.

நாம் கொள்ள வேண்டுவது

பனாரசிதாசர் வாழ்வு, ஆலயத்தை விடுக எனச் சொல்லவில்லை. ஆசானை இகழ்க எனவும் சொல்லவில்லை. ஆலயத்தில் நாம் காணும் வீதராக வடிவம் நம் உயிரின் உண்மை வடிவம் என்று அறிந்து தொழுக என்கிறது. நமக்காகப் பிறர் தொழுதல் இயலாது. நமக்காகப் பிறர் கருமத்தைக் கழித்தலும் இயலாது. பொன்னூரில் தவம் செய்த பெருமுனிவரின் வாக்கு ஆக்ரா வணிகர் வீட்டில் படிக்கப்பெற்றது. அவ்வாக்கு நம் இல்லங்களிலும் படிக்கப்பெற வேண்டும். நாள்தோறும் ஒரு நாழிகையேனும் குடும்பத்தோடு அமர்ந்து ஆகமப் பகுதி ஒன்றைப் படிப்போம். ஐயம் எழுந்தால் கற்றவரிடம் கேட்போம். பின்னர்க் கண்மூடிச் சிறிது நேரம் நம்மை நாமே நோக்குவோம்.

அறம் வெல்க!