ஈசுவரசந்திர வித்தியாசாகரர்

பள்ளியை நடத்துவோர்க்கும் அதன்கண் கற்பிப்போர்க்கும் மனவேற்றுமை நேருங்கால், பெரிதும் இழப்படைவோர் பிள்ளைகளேயாவர். கடப்பாக்கம் போன்ற கடற்கரையூர்களில், வேறு பள்ளி தேடிச் செல்ல இயலாத எளிய குடும்பத்தார்க்கு இவ்விழப்பு இருமடங்காம். ஊழியராகவும் தலைவராகவும் இருந்து இருபாலார் துன்பமும் உணர்ந்த பெரியார் ஒருவரது வரலாற்றை நம் சங்கத்தார்க்கு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

வங்காளத்து மேதினிபுர மாவட்டத்தில் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் வறிய அந்தணர் குடியொன்றில் ஈசுவரசந்திரர் பிறந்தார். கல்கத்தா வடமொழிக் கல்லூரியிற் பயின்று வித்தியாசாகரர் என்னும் பட்டம் எய்தினார். 1846-ல் அக்கல்லூரிக்கே உதவிக் காரியதரிசியாக அமர்ந்து, பாடமுறையைச் சீர்திருத்தத் திட்டம் ஒன்று வகுத்தளித்தார். காரியதரிசியாகிய ரசமய தத்தர் அதனை முழுதும் ஏற்றிலர். தம் கருத்துச் செல்லாவிடத்துச் சம்பளத்தின் பொருட்டு இருத்தல் தகாதெனத் துணிந்து, 1847-ல் அவர் பதவியைத் துறந்தார். வயிற்றுப்பாட்டுக்கு வழி யாதென்று வினவியவர்க்குக் காய்கறி விற்றேனும் பிழைப்பதாக விடையிறுத்தார் என்பர்.

1851-ல் அக்கல்லூரியின் தலைமையே அவர்பால் வந்தது. ஆசிரியர் சிலர் காலந்தாழ்த்து வருவாராயினர். அவருள் இவருக்கே கற்பித்த முதியோரும் இருந்தனர். அபராதம் விதித்தலும், மேலிடத்துக்கு எழுதுதலும் இவருக்கு அரியன அல்ல. இவரோ வகுப்புத் தொடங்கும் வேளையில் வாயிலருகே நின்று, இப்பொழுதுதான் வருகின்றீர்களோ என்று மட்டும் கேட்பாராம். சின்னாளில் யாவரும் வேளைக்கு வரத் தலைப்பட்டனர் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். பிழை திருந்தியது; பெரியோர் இழிவுபடவில்லை.

அதுகாறும் அந்தணரும் வைத்தியரும் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் காயஸ்தரைச் சேர்க்க அவர் முனைந்தபோது, பண்டிதர் பலர் எதிர்த்தனர். கூலி பெற்று ஐரோப்பியர்க்கு வடமொழி கற்பிப்போர் தம் நாட்டார்க்கு மறுத்தல் முறையோ என்று அவர் நியாயம் காட்டினார். பணிவு வேண்டுமிடத்துப் பணிவும், உறுதி வேண்டுமிடத்து உறுதியும் அவர்பால் இருந்தன.

1857 நவம்பர் முதல் 1858 மே வரை 35 பெண்பள்ளிகளை அவர் நிறுவினார். ஏறத்தாழ 1,300 சிறுமியர் சேர்ந்தனர். அரசாங்கமோ பொருளுதவி மறுத்தது. ஆசிரியர்க்குரிய சம்பளப் பாக்கி 3,400 ரூபாய்க்கு மேல் நின்றது. மேலதிகாரியின் குற்றமென்று கைவிரியாது, அவர்களை அமர்த்திய தாமே அக்கடனுக்குப் பொறுப்பென்று அவர் எழுதினார். முடிவில் அரசாங்கமே பாக்கியைத் தீர்த்தது. ஆயினும், கல்வித்துறைத் தலைவர் கார்டன் யங்கோடு நேர்ந்த வேற்றுமை தீராமையின், அவ்வாண்டே 500 ரூபாய்ப் பதவியை விட்டு விலகினார். பின்னர் மெட்ரோபாலிடன் கல்விச்சாலையை வளர்த்துப் பெருங்கல்லூரியாக்கி, 1891 சூலை 29-ஆம் நாள் மறைந்தார்.

அன்பர்களே! ஆசிரியரைத் திருத்த விரும்பும் தாளாளர் முதலில் அவர்க்குரிய சம்பளத்தை உரிய நாளில் அளித்தல் வேண்டும். மாணவர் முன்னிலையிற் கடிந்துரைத்தல் ஆகாது. தாளாளர்பால் குறைகாணும் ஆசிரியர் தாம் மணியடிக்குமுன் வகுப்பில் இருத்தல் வேண்டும். வேற்றுமையை எழுத்தில் உரைத்தல் வேண்டும். ஒத்துப்போக இயலாதாயின், பள்ளியைச் சிதைக்காது விலகுதலே சான்றாண்மை. நம் பிள்ளைகள் நாடோறும் கற்பது ஏட்டை மட்டுமன்று. இவ்விருவர் ஒழுகும் முறையையுங் காண்.