சொர்க்க மரத்தை அனுப்பிய பாதிரியார்

1753-ஆம் ஆண்டில் ஒரு நாள், பீகிங் அரண்மனையில் சீனச் சக்கரவர்த்தி சியென்லுங் ஒரு சிறு செடியை விரலால் தொட்டார். இலைகள் உடனே கூம்பித் தலை சாய்ந்தன. மீண்டும் தொட்டார், மற்றொரு காம்பும் வெட்கப்பட்டதுபோல் சுருங்கிற்று. கோடிக்கணக்கான குடிகளை ஆண்ட சக்கரவர்த்தி குழந்தையைப்போல் வாய்விட்டுச் சிரித்தார். நம் ஊர் வாய்க்கால் கரையில் சிறுவர்கள் தொட்டு விளையாடும் தொட்டாற்சிணுங்கிதான் அது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அந்தச் செடியைச் சீனர்கள் அதற்குமுன் அரண்மனையில் கண்டதில்லை.

செடியைக் கொண்டுவந்து வைத்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். பெயர் பியேர் தாங்கார்வில். சக்கரவர்த்தியின் சிரிப்புக்காக அவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ஆனால் அவருடைய பெயரை இன்று உலகம் நினைப்பதற்குத் தொட்டாற்சிணுங்கி மட்டும் காரணமல்ல. அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஒரு மரத்தின் விதையும் காரணம். அந்த மரம் செய்த காரியத்தை அறிந்திருந்தால் அவர் மிகவும் வருந்தியிருப்பார்.

கண்ணாடியும் செடியும்

பிரான்ஸ் தேசத்தில், நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த லூவியே என்ற ஊரில் 1706-ஆம் ஆண்டு தாங்கார்வில் பிறந்தார். இளமையிலேயே ஏசு சபையில் சேர்ந்தார். சபையார் அவரைக் கடல் கடந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். கியூபெக் நகரத்துக் கல்லூரியில் 1730 முதல் 1739 வரை ஆசிரியராக இருந்தார். பின்னர் சீனத்துக்குச் செல்லும்படி உத்தரவு வந்தது.

அக்காலத்தில் சீனத்தில் கிறிஸ்தவ மதப் பிரசாரம் தடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வான சாஸ்திரம் அறிந்தவர், ஓவியர், கடிகாரம் செய்பவர் ஆகியோருக்கு மட்டும் அரண்மனையில் இடம் இருந்தது. மதகுருவானாலும் கையில் ஒரு தொழில் இருந்தால்தான் பீகிங்கில் காலூன்ற முடியும். ஆகவே தாங்கார்வில் கண்ணாடி செய்யும் தொழிலைக் கற்றார். அத்துடன் பாரிஸ் அரசாங்கத் தோட்டத்தின் பேரறிஞர் பெர்னார் த ஜுஸியூவிடம் தாவர சாஸ்திரமும் பயின்றார். முதலாவது வயிற்றுப்பாட்டுக்கு, இரண்டாவது மனத்துக்கு.

1740-இல் அவர் சீனத்துக்குக் கப்பல் ஏறினார். பீகிங்கில் சக்கரவர்த்திக்காகக் கண்ணாடிச் சாமான்கள் செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. ஆனால் அவர் உள்ளம் பட்டறையில் இல்லை. அரண்மனை மதில்களுக்கு அப்பால் உலகத்திலேயே சிறந்த தோட்டங்கள் இருந்தன. அவற்றுள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. நாட்டுக்குள் விருப்பம்போல் பிரயாணம் செய்யவும் முடியாது. நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த செடிகளையும் விதைகளையும் பொறுக்கி, உலர்த்தி, பொட்டலம் கட்டி ஜுஸியூவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அனுப்புவது என்றால் இன்றுபோல் தபாலில் போடுவதல்ல. கப்பல் மார்க்கம் நெடுந்தூரம். ஈரத்தில் விதை கெட்டுவிடும். ரஷ்யாவிலிருந்து வரும் வர்த்தக வண்டிக் கூட்டங்கள் சைபீரியப் பனிவெளி வழியாகத் திரும்பிச் செல்லும்போது அவற்றுடன் சில பொட்டலங்களைச் சேர்த்துவிடுவார். அவை போய்ச் சேர்ந்தனவா என்று அறியவே ஆண்டுகள் ஆகும்.

ஒரு தவறு

அப்படிச் சென்ற விதைகளுள் ஒன்றுதான் இக்கதையின் நாயகன். சீனத்துப் பெட்டிகளும் பேழைகளும் கண்ணாடிபோல் பளபளப்பதற்கு ஒரு மரத்தின் பால் காரணம். அந்த வார்னிஷ் மரம் ஐரோப்பாவில் வளர்ந்தால் எத்தனை தொழிலாளருக்குப் பிழைப்பு! இந்த எண்ணம் தாங்கார்வில்லுக்கு இருந்தது. சீன வார்னிஷைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையைப் பாரிஸ் விஞ்ஞான அகாதெமி 1760-இல் வெளியிட்டது. வார்னிஷ் மரம் என்று நம்பியே அந்த விதையையும் அனுப்பினார். ஆனால் அது வேறு மரம். இரண்டுக்கும் வேப்பிலைபோல் காம்பின் இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள் இருக்கும்; அந்த ஒற்றுமை அவரை ஏமாற்றிவிட்டது.

1751-இல் லண்டன் செல்ஸீ மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லர் என்பவர் விதைகளை முளைக்க வைத்தார். இது எந்த மரம் என்று அறிஞர்களிடையே பெரிய வாதம் நடந்தது. தீர்ப்பு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1788-இல் பிரெஞ்சு அறிஞர் தெஃபோந்தேன் அதைத் தனி இனமென்று கண்டு ‘ஐலாந்தஸ்’ என்று பெயரிட்டார். கிழக்கிந்தியத் தீவான அம்போயினாவின் மொழியில் வானத்தை எட்டும் மரம் என்பது அதன் பொருள். அதிலிருந்தே ‘சொர்க்க மரம்’ என்ற செல்லப் பெயரும் பிறந்தது. தமிழ்நாட்டில் தீக்குச்சிக்கு உதவும் பெருமரம் இதற்கு நெருங்கிய உறவு.

திறந்த கதவு

இவ்வளவும் தாங்கார்வில்லுக்குத் தெரியாது. அவர் பீகிங்கில் அரண்மனைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த விதைகளைத் தொட்டிகளில் வளர்த்தார். அப்படி வளர்ந்த தொட்டாற்சிணுங்கிதான் 1753-இல் சக்கரவர்த்தியின் முன் வைக்கப்பட்டது. சக்கரவர்த்தி அதைப் பற்றிக் கவிதை எழுதினார். அரண்மனை ஓவியராக இருந்த இத்தாலியர் காஸ்திலியோனேயை அழைத்து அச்செடியைச் சித்திரமாகத் தீட்டச் சொன்னார். அந்தச் சித்திரம் தைப்பே நகரத்து அரண்மனைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த செல்வம். பாதிரியாருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்தது. அரச தோட்டங்களுக்குள் செல்ல அனுமதி!

ஆனால் காலம் அவருக்குக் கருணை காட்டவில்லை. 1757-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, ஐம்பத்தொரு வயதுகூட நிறையாத நிலையில், பீகிங்கிலேயே காலமானார். அவர் அனுப்பிய உலர்ந்த செடிகள் பாரிஸில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1882-இல்தான் ஃபிராங்ஷே என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அழகிய பூக்களைத் தரும் ஒரு செடியினத்துக்கு ‘இன்கார்வில்லியா’ என்று அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

மரம் நடந்த வழி

பாதிரியார் மறைந்தார், மரம் வளர்ந்தது. புகையையும் புழுதியையும் பொறுத்துக்கொள்ளும். எந்த மண்ணிலும் வரும். பூச்சி அதிகம் அண்டாது. நகரத்துச் சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1784-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற செல்வர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தம் தோட்டத்தில் நட்டார். அடுத்த நூற்றாண்டில் நாற்றங்கால்காரர்கள் ஆயிரக்கணக்கில் விற்றார்கள். நியூயார்க் வீதிகளில் வரிசை வரிசையாக நின்றது. 1850-களில் இதன் இலையைத் தின்னும் பட்டுப்புழுவையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து பட்டு எடுக்க முயன்றார்கள்.

பிறகுதான் மரம் தன் சுபாவத்தைக் காட்டிற்று. ஆண் மரத்தின் பூ மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம். பெண் மரம் ஒன்றே ஓராண்டில் மூன்று லட்சத்துக்கு மேல் விதைகளைச் சொரியும். ஒவ்வொரு விதைக்கும் காகிதம் போன்ற சிறகு. காற்று எங்கே கொண்டுபோனாலும் போகும். தண்டவாளத்தின் ஓரம், இடிந்த சுவரின் வெடிப்பு, பழைய கோட்டையின் மதில், எங்கும் முளைக்கும். வெட்டினால் தொலையுமா? வெட்டிய அடியிலிருந்தும் தூரத்து வேரிலிருந்தும் பத்துக் கன்றுகள் கிளம்பும். வேரிலும் பட்டையிலும் உள்ள ஒரு நஞ்சு அண்டையில் வேறு செடியை வளரவிடாமல் அடக்கிவிடும். சீனத்தில் இதைத் தின்று கட்டுக்குள் வைக்கும் பூச்சிகள் உண்டு. கடல் கடந்தபோது மரம் மட்டும் வந்தது. அதன் பகைவர்கள் வரவில்லை.

அமெரிக்கத் தோட்டக்கலை நிபுணர் டௌனிங் முதலில் இதைப் பாராட்டியவர். 1852-இல் அவரே இதை ஒழிக்கும்படி எழுதினார். ஐரோப்பிய ஐக்கியம் 2019-இல் தீங்கு செய்யும் அயல் இனங்களின் பட்டியலில் இதைச் சேர்த்து, விற்பதையும் நடுவதையும் தடை செய்தது. ஹாமில்டன் நட்ட அதே பென்ஸில்வேனியா மாநிலத்தில் 2014-இல் ஆசியாவிலிருந்து ஒரு புள்ளிப் பூச்சி வந்து இறங்கிற்று. சாற்றை உறிஞ்சித் திராட்சைத் தோட்டங்களை வாட்டும் பூச்சி அது. அதற்கு மிகவும் பிடித்தமான வீடு எது? இருநூறு ஆண்டுகளாக ஊரெங்கும் அதற்காகவே காத்திருந்தாற்போல் நின்ற சொர்க்க மரம்தான்.

அயல்நாட்டு மரங்கள் எல்லாமே தீயவையா? அல்ல. தாங்கார்வில் அனுப்பிய மற்றொரு விதை சோஃபோரா மரம். 1747-இல் பாரிஸ் தோட்டத்தில் ஜுஸியூ அதை நட்டார். ஒரே கை அனுப்பியது. ஒரே தோட்டக்காரர் பெற்றுக்கொண்டது. அது ஐரோப்பியப் பூங்காக்களில் நிழல் கொடுத்துக்கொண்டு பெரும்பாலும் நட்ட இடத்தில் நின்றது. மற்றது வேலி தாண்டி நாட்டுக்கு நாடு ஓடிற்று. எது நிற்கும், எது ஓடும் என்று விதையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அக்காலத்தில் யாராலும் முடியவில்லை.

பீகிங் தோட்டத்துக்குள் ஒரு மனிதர் நுழையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்குள்ளும் அமெரிக்காவுக்குள்ளும் ஒரு மரம் நுழைந்தபோது வாசலில் நின்று கேட்பார் ஒருவரும் இல்லை. அழகாக இருக்கிறதே, வேகமாக வளர்கிறதே என்று புதுக் கன்றை வாங்கி வீட்டு வாசலில் வைக்கிறோம். வேகமாக வளர்வது எங்கே போய் நிற்கும் என்று ஒரு கணம் கேட்டுவிட்டு வைப்பது, அந்த நல்ல பாதிரியாருக்கு நாம் செய்யும் மரியாதை.