வந்த நாளே பிறந்த நாள்!

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலை அடிவாரத்தில் டோனாவூர் என்று ஒரு சிற்றூர். டோனா என்ற ஐரோப்பியப் பிரபு கொடுத்த பணத்தால் உண்டான ஊர். பெயரும் அதனால்தான்.

அங்கே ஓர் இல்லம். அதில் வளர்ந்த பல குழந்தைகள் எந்த நாளில் பிறந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். பூ வைத்து, பரிசு கொடுத்து, அமர்க்களமாகக் கொண்டாடினார்கள்!

அந்த இல்லத்தைத் தோற்றுவித்தவர் ஆமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். கிறிஸ்தவ ஊழியத்துக்காக 1895-ல் இந்தியா வந்தார். தமிழ் கற்றார். சேலை கட்டினார். அதன்பின் சொந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

ஓடி வந்த சிறுமி

அந்தக் காலத்தில் சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்தது. 1901-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அதிலிருந்து தப்பி ஓடி வந்தாள். முன்பே ஒரு தடவை தப்பி ஓடியதற்காக அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அம்மையார் அவளை மடியில் ஏந்திக் கொண்டார்.

1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். தாய் இறந்த குழந்தை, வறுமையால் கைவிடப்பட்ட குழந்தை, யாரோ விலை பேசி வைத்திருந்த குழந்தை! இரவில் மாட்டு வண்டியில் வந்தவர்களும் உண்டு.

குழந்தையை வாங்கி விடலாம். காப்பாற்றுவது எப்படி? தாய்ப்பால் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. பக்கத்தில் மருத்துவரும் இல்லை. எனவே ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் குழந்தைகளை வைத்து, பொன்னம்மாள் என்ற பெண்மணி இரவு பகலாகப் பார்த்துக் கொண்டார். அப்படியும் கொள்ளைநோய் வந்து பல குழந்தைகளைக் கொண்டு போயிற்று. அம்மையார் மனம் உடைந்தது. ஆனால் கதவை மூடவில்லை.

இன்னொரு தொல்லை, சட்டம். குழந்தையைக் கடத்தினார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். ஒரு சிறுமிக்காகக் கோர்ட்டு வரை போக நேர்ந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்ததே 1947-ல்தான்.

1931-ல் அம்மையார் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பின் இருபது ஆண்டு பெரும்பாலும் படுக்கைதான். படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். 1951 ஜனவரி 18-ல் காலமானார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள் பிள்ளைகள்.

இன்று என்ன வழி?

1992-ல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டு விடுங்கள் என்பதே அதன் பொருள். பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் தெளிவாக வழி சொல்கிறது. குழந்தையைப் புதரிலோ குப்பையிலோ போடுவது குற்றம். முறைப்படி ஒப்படைப்பது குற்றம் அல்ல. இந்த விஷயம் தெரியாததால்தான் பல குழந்தைகள் முட்புதரில் கிடக்கின்றன.

மண்டகப்பட்டில் ஓர் ஏழைத் தாய்க்கு இந்த நிலை வந்தால் என்ன செய்வது? 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. விழுப்புரம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையைக் கொண்டு வரலாம். குழுவினர் அவளிடம் பேசுவார்கள். மிரட்ட அல்ல. குழந்தையைத் தாயே வளர்க்க வழி உண்டா என்று பார்க்கத்தான். வழி இல்லை என்றால் பத்திரம் எழுதி வாங்கிக் கொள்வார்கள்.

அப்போதும் அவசரம் இல்லை. மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற இரண்டு மாதம் தவணை உண்டு. அதற்குள் தாய் வராவிட்டால்தான், பிள்ளைக்காக ஏங்கிக் காத்திருக்கும் ஒரு தம்பதிக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கும்.